இரண்டு பை ஓ நெகட்டிவ்

அந்த ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி டாக்டருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: கஞ்ச டாக்டர். அறுவை அரங்கிலிருந்து "நாலு பை ரத்தம் அனுப்புங்க" என்று போன் வந்தால் யாருக்கு, எதற்கு, இப்போது எவ்வளவு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு பையை அனுப்புவாள். "முதல்ல இதை ஏத்துங்க. ஏத்திட்டு நோயாளியைப் பாருங்க. அப்புறமும் வேணும்னா கூப்பிடுங்க, நானே எடுத்துட்டு ஓடி வரேன்" என்பாள். பலமுறை ஓடியும் வந்திருக்கிறாள். ஆனால் ஓடி வந்தது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. கேள்வி கேட்டதுதான் நின்றது.

அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு அறையில் எலும்பு டாக்டர் உப்பைக் கேட்டார். அவள் நகர்த்திவைத்தாள். "அடேயப்பா, எதுக்குன்னு கேக்காம குடுத்துட்டீங்களே!" என்றார் அவர். அறையே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். கை கழுவப் போன இடத்தில் குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

இந்த நிலைமையில்தான் அவளுடைய நாத்தனார் வந்து படுத்தார்.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை நடத்துபவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் பாதியைத் தெருவில் கழித்தவர். குரல் கொஞ்சம் பெரிது. வீட்டில் பேசினாலும் அடுத்த சிக்னல்வரை கேட்கும். அப்படிப்பட்டவருக்கு மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசியில் ஒரு நாள் பாடம் நடத்தும்போதே கண் இருட்டி, சாய்ந்துவிட்டார். ஓட்டக் கற்க வந்த பையன்தான் நடுங்கிக்கொண்டே காரை ஓரங்கட்டினானாம். "அன்னைக்குத்தான் அவன் முதல் தடவையா ஒழுங்கா நிறுத்தினான்" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கர்ப்பப்பையில் கட்டிகள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் எடுத்தே ஆக வேண்டும். மகப்பேறுப் பிரிவின் தலைவியை எல்லோரும் பெரியம்மா என்றுதான் அழைப்பார்கள். கை சுத்தமான கை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. பரிசோதித்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்ல. ரெண்டு பை ஏத்திட்டு இந்த வாரமே எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழரைதான் இருந்தது.

நாத்தனாரின் ரத்தம் ஓ நெகட்டிவ். சுலபத்தில் கிடைக்காத வகை. ரத்த வங்கிக் குளிர்பெட்டியில் அந்த வகையில் நாலே பை இருந்தன.

டாக்டர் போனை எடுக்கவில்லை. நேராக மாடியேறிப் பெரியம்மாவின் அறைக்கே போனாள்.

"என்ன, உன் நாத்தனாருக்குமா கேள்வி?" என்றார் பெரியம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"யாரா இருந்தாலும் கேள்விதான் மேடம். நெஞ்சு வலி இல்ல. படுத்திருக்கும்போது மூச்சு வாங்கல. நீங்க குடுத்த மாத்திரையில போக்கும் நல்லாவே குறைஞ்சிருக்கு. உடம்புல இரும்புச் சத்து அடியோட தீர்ந்துபோச்சு, அதான் இந்த வெளுப்பு. இரும்பை நரம்பு வழியா குடுத்தா அவங்க உடம்பே ரத்தத்தைச் செஞ்சுக்கும். ஆபரேஷனைச் சில வாரம் தள்ளிவெச்சா போதும்."

"ரெண்டு பையில முடியற வேலைக்குச் சில வாரமா? நான் இந்தக் கையால எத்தனை பேருக்கு ஏத்தியிருக்கேன்னு தெரியுமா? என்ன ஆயிடுச்சு?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகலை மேடம். போன வருஷம் அந்த டீச்சருக்கு ஆச்சு."

அந்த டீச்சரைப் பெரியம்மாவும் மறந்திருக்கவில்லை. ஒரு பை ஏறியதுமே தெளிந்துவிட்டவர். எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று இரண்டாவதையும் ஏற்றினார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பிழைத்தார். ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை வார்டே பார்த்தது.

"நடுவுல போக்கு அதிகமாச்சுன்னா?"

"அந்த நிமிஷமே ஏத்துவோம். நானே கொண்டு வரேன்."

பெரியம்மா பேனாவை மூடினார். "சரி, தள்ளிவெக்கிறேன். ஆனா உன் நாத்தனார்கிட்ட நீயே போய்ச் சொல்லு. அந்தம்மாகிட்ட வாய் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

வார்டில் நாத்தனார் தலையணையை முதுகுக்குக் கொடுத்து ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் வெள்ளைத்தாள். ஒரு பக்கம் அவருடைய கணவர், இன்னொரு பக்கம் டாக்டரின் கணவன். வராந்தாவில் கார் ஓட்டக் கற்கும் ஆண்களும் பெண்களுமாக ஒரு கும்பல்.

"வாம்மா டாக்டரம்மா! ரத்தம் எங்க? கையை நீட்டிட்டு எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்?"

"ரத்தம் வேணாம் அண்ணி. இரும்பு மருந்து ஏத்தப் போறோம்."

அக்கம்பக்கத்துக் கட்டில்களெல்லாம் திரும்பிப் பார்த்தன.

"கேட்டியாடா?" என்றார் நாத்தனார் தம்பியிடம். "உன் பொண்டாட்டி ரத்த வங்கிக்கே டாக்டர். சாவி அவ கையில. எனக்கு ஒரு சொட்டு குடுக்க மனசு வரல."

"அக்கா, அவ சொல்றதைக் கொஞ்சம் கேளேன்..."

"நீ சும்மா இரு. நீ அவ சொல்றதைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி இளைச்சுப் போயிட்டே."

நாத்தனாரின் கணவர் மெதுவான மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரத்தம் குறையுதேன்னு யோசிக்க வேணாம்மா. வெளியில எட்டுப் பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். எல்லாரும் குடுக்கறேன்னு நிக்கறாங்க" என்றார்.

"குடுக்கட்டும் அண்ணா, கட்டாயம் குடுக்கட்டும். ஆனா அது யாருக்குத் தேவையோ அவங்களுக்குப் போகும்" என்றாள் டாக்டர். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, ரத்தம் டானிக் இல்ல. இன்னொருத்தர் உடம்போட ஒரு பாகம். உங்க உடம்பு அதை ஏத்துக்கலாம், முறைச்சுக்கவும் செய்யலாம். உயிருக்கு ஆபத்துன்னா அந்தப் பயத்தைப் பாக்க மாட்டேன், உடனே ஏத்திடுவேன். உங்களுக்கு இப்ப அப்படி இல்ல. உங்க உடம்பு ரத்தம் செய்யத் தயாரா இருக்கு. சாமான் இல்லாமத்தான் நின்னுபோயிருக்கு."

"பெட்ரோல் தீர்ந்த வண்டிங்கறே."

"அதேதான். வண்டியில கோளாறு இல்ல."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பேயா வந்து உன் பக்கத்து சீட்ல உக்காந்துக்குவேன், தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

கறுப்புக் காப்பி நிறத்தில் இரும்பு மருந்து இறங்க ஆரம்பித்தது. வராந்தாவில் நின்ற எட்டுப் பேரில் ஆறு பேர் தேறினார்கள், ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்ததைப் பரிசோதித்துச் சுழற்றிப் பிரித்தார்கள். சிவப்பணு தனியாகக் குளிர்பெட்டிக்குப் போனது. மஞ்சள் நீரான பிளாஸ்மா உறைபெட்டிக்குப் போனது.

வீட்டில் மட்டும் சூடு ஆறவில்லை. தூரத்து உறவெல்லாம் போனில் விசாரித்தது. "சொந்த நாத்தனாருக்கே இல்லைன்னுட்டாளாமே" என்று ஒரு சித்தி அவளிடமே கேட்டார், வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல. கணவன் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது, "உனக்கு நிச்சயமாத் தெரியும் இல்ல?" என்று ஒரு முறை கேட்டான். "தெரியும்" என்றாள். தெரியும்தான். வேறு யாராவது நோயாளியாக இருந்தால் இந்த முடிவுக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. சொந்தம் என்பதால் எடுத்து ஏற்றிவிட்டால் எல்லா வாயும் அடைத்துவிடும். அந்த ஆசையும் அவளுக்கு இல்லாமல் இல்லை.

இரண்டாவது தடவை இரும்பு மருந்து ஏற்றிக்கொள்ள நாத்தனார் வந்த அன்று பிற்பகல், ரத்த வங்கியில் போன் அடித்தது. பிரசவ அறை நர்ஸ்.

"டாக்டர், குழந்தை பிறந்துடுச்சு. அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ்!"

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வரேன்" என்று போனை வைத்தாள். "பிளாஸ்மாவை உருக்கப் போடுங்க. கிரையோவையும் போடுங்க. அவங்க கேக்கறவரைக்கும் காத்திருக்க வேணாம்" என்று ஆய்வகப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே ஓ நெகட்டிவ் பைகளில் இரண்டைப் பெட்டியில் வைத்தாள். மீதி இரண்டைப் பொருத்தம் பார்க்கச் சொன்னாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டைக்கூடப் பார்க்காமல் படிக்கட்டில் ஓடினாள்.

பிரசவ அறைக்கு வெளியே, சட்டையெல்லாம் நீலப் பெயின்ட் தெறித்த ஓர் ஆள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்த பெயின்டர். அவன் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

உள்ளே பெரியம்மாவின் முகத்தில் வியர்வை. கர்ப்பப்பை சுருங்க மறுத்தது. மருந்து கொடுத்தாயிற்று, அழுத்திப் பிடித்தாயிற்று, இப்போது தையல் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். முதல் பை ஏறியது. இரண்டாவது ஏறியது. ரத்த அழுத்தம் கொஞ்சம் தலைதூக்கியது, மறுபடி சரிந்தது.

டாக்டர் கீழே வழிந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். கட்டிப்படவே இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது.

"மேடம், ரத்தம் உறையல. இனிமே சிவப்பணு மட்டும் ஏத்தினா ஓட்டைக் குடத்துல ஊத்தற மாதிரிதான். உறையவைக்கிற சத்து போகணும். பிளாஸ்மா வருது, கிரையோ வருது."

"எப்ப வரும்? உருக்கவே நேரம் ஆகுமே!"

"போன் வந்தப்பவே போட்டாச்சு."

பெரியம்மா ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறு கணம் கை தையலுக்குத் திரும்பியது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆய்வகப் பெண் வந்தாள். கையில் வெதுவெதுப்பாக மஞ்சள் பைகள், மீதி இரண்டு சிவப்புப் பைகள். மூன்றாவது சிவப்புப் பையும் மஞ்சளும் சேர்ந்தே இறங்கின. அதன் பின்னால் கிரையோ. பிளாஸ்மாவிலிருந்து வடித்தெடுத்த சாரம் அது. ரத்தம் கட்டுவதற்கு வேண்டிய புரதம் அதில்தான் செறிவாக இருக்கும். மயக்க மருந்து டாக்டர் பையைக் கையால் பிழிந்துகொண்டிருந்தார். நாலாவது பையும் தீர்ந்தால் வேறு வழியில்லை, ஓ பாசிட்டிவைத்தான் ஏற்ற வேண்டும். வாலிபப் பெண், அடுத்த பிரசவத்தில் அது சிக்கலாகலாம்; ஆனால் இன்று உயிர் இருந்தால்தானே அடுத்தது. அந்த முடிவையும் டாக்டர் மனதுக்குள் எடுத்துவைத்திருந்தாள்.

பெரியம்மா துணியை வைத்து ஒற்றினார். எடுத்துப் பார்த்தார். இன்னொரு துணியை வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் முதலில் பார்த்தாள்.

"மேடம், கட்டுது! ரத்தம் கட்டுது மேடம்!"

ஆமாம். தட்டில் கிடந்த ரத்தம் ஓடாமல் நின்றது, கருஞ்சிவப்பாகத் திரண்டது. தையலுக்குள் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஏறி, அங்கேயே நின்றன.

மயக்க மருந்து டாக்டர் நாலாவது சிவப்புப் பையைக் கையிலெடுத்தார். "இதையும் ஏத்திடலாமா, ஒரு தெம்புக்கு?"

கஞ்ச டாக்டர் வாய் திறப்பதற்குள் பெரியம்மா திரும்பினார். "எதுக்கு? போக்கு நின்னுடுச்சு, பிரஷர் நிக்குது. முதல்ல ஹீமோகுளோபினைப் பாரு, அப்புறம் கேளு. சும்மா ஏத்தாதே."

அறையில் யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சோதித்துப் பார்த்தார்கள், எட்டுக்கு மேல் இருந்தது. நாலாவது பை குளிர்பெட்டிக்கே திரும்பிப் போனது.

வெளியே வந்து பெயின்டரிடம் சொன்னது டாக்டர்தான். "உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்க. பொண்ணு பிறந்திருக்கா, பாத்தீங்களா?" அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வந்தான், தன் கையிலிருந்த பெயின்டைப் பார்த்துப் பின்வாங்கினான். அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பகல் வார்டுக்கு அவள் வந்தபோது நாத்தனாருக்கு மருந்து முடிந்திருந்தது. படிக்கட்டில் பெட்டியோடு ஓடியதை அவர் பார்த்திருந்தார். என்ன வகை என்பதையும் நர்ஸிடம் கறந்திருந்தார்.

"ஏம்மா, அது எனக்கு ஏத்த இருந்த ரத்தமா?"

"பேர் போட்டு வெக்கல அண்ணி. ஆனா உங்களுக்கு ஏத்தியிருந்தா இன்னைக்கு ரெண்டு பைதான் இருந்திருக்கும். அந்தப் பொண்ணுக்கு மூணு தேவைப்பட்டுது. உங்க ஆளுங்க குடுத்த பிளாஸ்மாவும் அவளுக்குத்தான் போச்சு."

"பொழைச்சுட்டாளா?"

"பொழைச்சுட்டா. குழந்தையும் நல்லா இருக்கு."

நாத்தனார் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து டாக்டர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"சித்தி, விஷயம் தெரியுமா? நான் விட்டுக்குடுத்த ரத்தத்துல ஒரு பொண்ணு பொழைச்சுட்டா!"

"நீ எங்க விட்டுக்குடுத்தே? வார்டே கேக்கற மாதிரி சண்டைதானே போட்டே" என்றான் கூட வந்திருந்த தம்பி.

"கடைசியில விட்டுக்குடுத்தேனா இல்லையா? குறுக்க பேசாதே."

அடுத்த சில வாரங்களில் நாத்தனாரின் உதட்டில் நிறம் வந்தது. நகத்தில் வந்தது. குரல் ஏற்கெனவே இருந்ததைவிடவும் பெரிதானது. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தாண்டியதும் பெரியம்மா நாள் குறித்தார்.

அறுவை நடந்த காலை நேரம் முழுக்க டாக்டர் ரத்த வங்கியில்தான் இருந்தாள். ஒரு பை ஓ நெகட்டிவைப் பொருத்தம் பார்த்துத் தனியாக எடுத்துவைத்திருந்தாள். தேவைப்பட்டால் ஒரு நொடியும் தயங்கக் கூடாது. பதிவேட்டில் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். போன் அடித்தபோதெல்லாம் துள்ளி எழுந்தாள். ஒரு முறை அது வாசல் காவலர், யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியிருப்பதாகச் சொல்ல.

கடைசியில் போன் வரவில்லை. கதவு திறந்தது. முகக்கவசம் கழுத்தில் தொங்க, பெரியம்மாவே நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ரத்த வங்கி வாசலை மிதித்ததில்லை.

"உன் பையை எடுத்து உள்ள வை" என்றார். "ஒரு சொட்டு தேவைப்படல. போனதெல்லாம் ஒரு டம்ளர்கூட இருக்காது."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் குளிர்பெட்டியைத் திறந்து மூடினாள்.

"உக்காரு, சொல்றேன்" என்றார் பெரியம்மா. "என் வார்டுல இனிமே வெளுத்துப்போய் வர்றவங்களுக்கெல்லாம் முதல்ல இரும்பு. அவசரம்னா மட்டும் ரத்தம், அதுவும் ஒரு பை, பாத்துட்டு அடுத்தது. என் ஜூனியர் பிள்ளைங்களுக்கு நீ வந்து பாடம் எடு. நான் சொன்னா பயந்து கேப்பாங்க, நீ சொன்னா புரிஞ்சு கேப்பாங்க." வாசலில் போய்த் திரும்பினார். "எலும்புக்காரனும் நாளைக்கு வருவான். மூட்டு மாத்தறதுக்கு முன்னாடி அவன் நோயாளிங்களையும் நீ பாக்கணும்னு நான் சொல்லிட்டேன். அவன் சரின்னுட்டான்."

பெரியம்மா போனதும் ஆய்வகப் பெண் கைதட்டினாள். டாக்டர் "உஷ்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

வார்டுக்குப் போகும் வழியிலேயே நாத்தனாரின் குரல் எதிரே வந்தது. மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. ஆனாலும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்த ஊழியருக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"திருப்பும்போது வேகத்தைக் குறைக்கணும் தம்பி... இப்ப மெதுவா... எதிர்ல ஆள் வருது பாரு, நிறுத்து!"

எதிரில் வந்த ஆள் டாக்டர்தான். குனிந்து நாத்தனாரின் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். உள்ளே நல்ல சிவப்பு.

"என்னம்மா, ஏத்தினீங்களா?" என்றார் நாத்தனார், குழறலாக.

"இல்ல அண்ணி. எல்லாம் உங்க ரத்தம்தான்."

"அதானே பாத்தேன்" என்றார் நாத்தனார். கண்ணை மூடிக்கொண்டு, ஊழியரைப் பார்த்துக் கையை முன்னால் அசைத்தார். வண்டி நகர்ந்தது. டாக்டர் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி கூடவே நடந்தாள்.